பொசென்டான் சீட்டு கையில் கிடைத்த பிறகு: ஸ்க்ளீரோடெர்மாவோடு சென்னையில் நான் தெரிந்துகொண்டவை

வாதநோய் மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வந்து, சீட்டில் "பொசென்டான்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அந்தச் சீட்டு கிடைத்த அன்று, இது என்ன மருந்து, எதற்கு வேலை செய்யும், எதற்குச் செய்யாது, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்ல ஆள் இல்லை. டாக்டர் நல்லவர்தான், ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஸ்க்ளீரோடெர்மா, அதாவது தோல் இறுகித் தடித்து, ரத்தக்குழாய்களையும் உள்ளுறுப்புகளையும் பாதிக்கக்கூடிய நோய். வீட்டில் யாருக்கும் அந்தப் பெயரே வாயில் நுழையவில்லை. நான் கிண்டியில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள், மருத்துவம் படித்தவள் இல்லை. நானாகக் கேட்டும் படித்தும், பணத்தை இழந்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆரம்பம் விரல்களில்தான். அலுவலகத்தில் என் இருக்கைக்கு நேர் மேலே ஏசி. காலையில் போய் உட்கார்ந்த அரைமணி நேரத்தில் இரண்டு கை விரல்களும் நுனியிலிருந்து பாதி வரை சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிடும். அப்புறம் நீலம் பாயும். வெளியே வெயிலில் வந்து நின்றால் சிவந்து, உள்ளே ஊசி ஊசியாகக் குத்தும். சென்னையில் இருந்துகொண்டு "குளிர் தாங்கவில்லை" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ரத்தம் கம்மி, இரும்புச்சத்து மாத்திரை போடு என்றார்கள். அத்தை பேரீச்சம்பழம் வாங்கி வைத்தார். அப்புறம் விரல்கள் தடித்தன. கல்யாண மோதிரம் கழலவே இல்லை, தாம்பரத்தில் ஒரு நகைக்கடையில் கொடுத்து வெட்டித்தான் எடுத்தோம். நெஞ்செரிச்சல் இருந்தது, அதற்குத் தனியாக மாத்திரை. இவையெல்லாம் ஒரே நோயின் பல முகங்கள் என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. விரல் நிறம் மாறுவதற்கு ரேனாடு என்று பெயர். பிரெஞ்சு டாக்டர் மொரீஸ் ரேனாடு 1862-லேயே விவரித்தது. பெரும்பாலானவர்களுக்கு ரேனாடு சும்மா வந்து போகும், ஆபத்தில்லை. ஆனால் முப்பது வயதுக்கு மேல் புதிதாக வந்தால், விரல் வீக்கமும் நெஞ்செரிச்சலும் கூடவே இருந்தால், அதைச் சும்மா விடக்கூடாது.

அந்த மார்கழியில் வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புள்ளி கறுத்தது. ஒரு மிளகு அளவுதான் இருக்கும். சில நாளில் அது புண்ணாகி, நடுவில் மஞ்சளாக ஒரு குழி. அதன் வலியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. புளி கரைக்க முடியாது, எலுமிச்சை பிழிய முடியாது, சாதம் பிசைந்தால் உப்பு பட்டுக் கண்ணில் தண்ணீர் வரும். என் வீட்டில் நானே ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தேன். என் பெண்ணுக்குச் சடை பின்னிவிட முடியவில்லை. பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும்போது அவள் அவிழ்ந்த தலையோடு நின்ற காலை ஒன்று இன்னும் மனதில் இருக்கிறது. இரவில் கையைத் தொங்கப்போட்டால்தான் கொஞ்சம் தூக்கம் வரும்.

புண் என்றதும் நோய்த்தொற்று என்று ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தக்குழாய் அடைப்பு என்று சொல்லி, டாப்ளர், ஆஞ்சியோகிராம் எல்லாம் எடுத்தார்கள். எழுபதாயிரத்துக்குப் பக்கம் ஆனது. பெரிய குழாய்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று முடிவு வந்தது. நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் இந்த நோய் பிடிப்பது விரல் நுனியின் மிகச் சிறிய குழாய்களை. வேறொரு இடத்தில் ஸ்டீராய்டு அதிக அளவில் ஆரம்பித்தார்கள். அது எவ்வளவு அபாயம் என்று அப்போது தெரியாது. ஸ்க்ளீரோடெர்மா உள்ளவர்களுக்கு, அதிலும் தோல் வேகமாக இறுகிக்கொண்டு வரும் வகையில், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால், சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுவதுதான் அதன் முதல் அடையாளம். வீட்டில் ஒரு பிபி கருவி வாங்கி வையுங்கள். மேல் எண் வழக்கமாக 110 இருப்பவருக்கு 150 காட்டினால், தலைவலியும் கூட வந்தால், காத்திருக்காமல் போங்கள். உடனே கண்டுபிடித்தால் எனலாப்ரில், காப்டோப்ரில் வகை மாத்திரைகளால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடிகிறது.

கடைசியில் வழி காட்டியது அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெண்தான். "அக்கா, எங்க சித்திக்கு இதே மாதிரி. நீங்க எலும்பு டாக்டர்கிட்ட போகாதீங்க, ருமடாலஜிஸ்ட்னு தனியா இருக்காங்க, அவங்ககிட்ட போங்க" என்றாள். அந்த வாதநோய் டாக்டர் முதலில் பார்த்தது புண்ணை இல்லை, நகத்தின் அடியில் இருக்கும் தோலை. நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கையளவு உருப்பெருக்கி ஒன்றை வைத்துப் பார்த்தார். அங்கே நுண்குழாய்கள் வரிசையாகத் தெரிய வேண்டுமாம், எனக்குச் சில தடித்தும் சில இடங்களில் இல்லாமலும் இருந்தன. சில நிமிடத்தில் முடிந்த, வலியே இல்லாத சோதனை. ஆஞ்சியோகிராமுக்கு முன்னால் யாராவது இதைச் செய்திருந்தால் அந்தப் பணமும் அலைச்சலும் மிஞ்சியிருக்கும். பிறகு ஏ.என்.ஏ., அதைத் தொடர்ந்து எஸ்.சி.எல்-70, சென்ட்ரோமியர் என்று, நம் உடலையே தாக்கும் எதிர்ப்பொருட்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் பரிசோதனைகள். நுரையீரலுக்கு எச்.ஆர்.சி.டி. என்ற நுணுக்கமான சி.டி. ஸ்கேன், ஊதிப்பார்க்கும் சோதனை, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். ஊதிப்பார்க்கும் சோதனையில், நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் வாயு எவ்வளவு நன்றாகப் போகிறது என்று அளக்கும் டி.எல்.சி.ஓ. என்ற பகுதியும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் அது இல்லை. நான் முதலில் எடுத்த இடத்தில் அது இல்லாமல், இன்னொரு இடத்தில் மறுபடியும் காசு கட்டினேன்.

நோயின் பெயர் சிஸ்டமிக் ஸ்க்ளீரோசிஸ் (ஸ்க்ளீரோடெர்மாவின் மருத்துவப் பெயர்) என்று உறுதியான அன்று இரவு போனில் படித்தேன், படிக்கப் படிக்கப் பயம்தான் வந்தது. மிக மோசமான படங்கள்தான் முதலில் வரும். அன்று நான் அழுதது வலிக்காக இல்லை, என் பெண்ணின் வயதை நினைத்து. இந்த நோய் எல்லோருக்கும் ஒரே மாதிரி போவதில்லை என்பதை அப்போது யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சிலருக்குத் தோல் முழங்கைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது, பல வருடம் வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அந்த வகை.

இப்போது பொசென்டானுக்கு வருகிறேன். அது என்ன செய்கிறது என்று புரிய எண்டோதீலின் என்ற பொருளைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். நம் ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்கள் சுரக்கும் சிறிய புரதத் துண்டு அது, 21 அமினோ அமிலங்கள் கோத்தது. 1988-ல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் யானாகிசாவா, மசாகி குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். ரத்தக்குழாயைச் சுருக்குவதில் உடலில் இதற்கு மிஞ்சிய பொருட்கள் குறைவு. சுரந்தால் மட்டும் போதாது, அது போய் ஒட்டிக்கொள்ள செல்லின் மேல் ஒரு ஏற்பி வேண்டும். ஏ, பி என்று அதில் இரண்டு வகை. ஏ வகை, குழாயைச் சுற்றியுள்ள தசையில் இருக்கிறது. அதில் ஒட்டினால் குழாய் சுருங்கும், நாளாக நாளாகச் சுவரே தடிக்கும். பி வகையின் கதை இரண்டு பக்கம். உட்சுவர்ச் செல்களில் இருக்கும் பி, நைட்ரிக் ஆக்சைடை வெளியிட வைத்துக் குழாயைத் தளர்த்தும், மிஞ்சிய எண்டோதீலினை ரத்தத்திலிருந்து அகற்றவும் செய்யும். தசையில் இருக்கும் பி, ஏ-வோடு சேர்ந்து சுருக்கவே செய்யும்.

நம் நோயில் உட்சுவர்ச் செல்கள் அடிபட்டுக் கிடக்கின்றன. எண்டோதீலின் அதிகமாகச் சுரக்கிறது, நைட்ரிக் ஆக்சைடு போன்ற தளர்த்தும் பொருட்கள் குறைகின்றன. குளிர் பட்டால் சாதாரண ஆளுக்கும் விரல் குழாய் சுருங்கும், கொஞ்ச நேரத்தில் திறந்துவிடும். நமக்குத் திறப்பதில்லை. எண்டோதீலின் அதோடும் நிற்பதில்லை. தோலில் நார்களை உண்டாக்கும் செல்களிலும் இந்த ஏற்பிகள் உண்டு, அவற்றைத் தூண்டி நார் அதிகமாகப் படியவும் வழி செய்கிறது. ஏ வகை ஏற்பியையே குறிவைத்துத் தூண்டும் எதிர்ப்பொருட்கள் இந்த நோயாளிகள் பலரின் ரத்தத்தில் இருப்பதாக ஜெர்மன் ஆய்வாளர்கள் 2011-ல் எழுதினார்கள். அதாவது எண்டோதீலின் வராத நேரத்திலும் அந்த ஏற்பியை நம் உடலே சீண்டிக்கொண்டிருக்கலாம். இதைப் படித்தபோது எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. என் விரல் கறுத்தது நான் சரியாகச் சாப்பிடாததால் இல்லை, என் உடம்பு பலவீனமானதால் இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தடுக்க மருந்தும் இருக்கிறது.

பொசென்டான் ஏ, பி இரண்டையும் அடைக்கும். இதே வகையைச் சேர்ந்த ஆம்ப்ரிசென்டான் முக்கியமாக ஏ-வை. மாசிடென்டான் இரண்டையும். மூன்றும் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறும் நோய்க்காக வந்தவை. பொசென்டானுக்கு அமெரிக்காவில் 2001-ல் அனுமதி கிடைத்ததும் அதற்குத்தான். விரல் புண்ணுக்கு ஐரோப்பாவில் 2007-ல் அனுமதி கொடுத்தார்கள், அமெரிக்காவில் கொடுக்கவில்லை. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் இருப்பதுதான், எனக்கு யாரும் சொல்லாமல் விட்ட மிக முக்கியமான விஷயம். விரல் புண்ணில் பொசென்டானை இரண்டு பெரிய ஆய்வுகளில் பார்த்தார்கள். 2011-ல் வெளியான இரண்டாவது ஆய்வில் 188 பேர், 24 வாரம். மருந்து எடுத்தவர்களுக்குப் புதிதாக வந்த புண்கள் 30 சதவீதம் குறைவு. ஆனால் ஏற்கெனவே இருந்த புண் ஆறுவதில் எந்த வித்தியாசமும் இல்லை.

இதைத் தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மாதம் நாலாயிரத்துக்கு மேல் கொடுத்து மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, தினமும் காலையில் கட்டைப் பிரித்து அந்தக் குழியைத்தான் பார்ப்பேன். அது அப்படியே இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை, நமக்கு எதுவுமே கேட்காது என்று மனசு விட்டுப்போனது. வீட்டில் "இவ்வளவு விலை கொடுத்து எதற்கு, நிறுத்திவிடலாமே" என்ற பேச்சும் வந்தது. பொசென்டானின் வேலை அந்தக் குழியை மூடுவது இல்லை, பக்கத்து விரலில் அடுத்த குழி வராமல் பார்ப்பது என்று டாக்டர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி எண்ணியிருப்பேன். ஆறவேண்டிய புண் ஆறியது வேறு வழிகளால். ரத்தக்குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபின், சில்டெனாஃபில் மாத்திரைகள், ஈரம் காக்கும் கட்டு, சூடு, பொறுமை. மாதக்கணக்கில் ஆனது. அடுத்த மார்கழியில் புதிய புண் வரவில்லை. அப்போதுதான் மருந்தின் மேல் நம்பிக்கை வந்தது. அதனால் நீங்கள் ஒரு நோட்டில் புதிய புண் வந்த தேதிகளை மட்டும் குறித்து வையுங்கள். இந்த மருந்தை அளக்க அதுதான் சரியான அளவுகோல். "அதைவிடப் புதுசு இருக்கு, மாத்துங்க" என்று யாராவது மாசிடென்டானைச் சொன்னால், விரல் புண்ணுக்கு அதை வைத்துச் செய்த இரண்டு ஆய்வுகளிலும் புதிய புண்கள் குறையவில்லை, அந்த முடிவு 2016-ல் வந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதே மாதிரி நுரையீரல் தழும்பு. காத்திருக்கும் அறையில் பழகிய ஒரு அம்மா, எச்.ஆர்.சி.டி.யில் தழும்பு இருப்பவர், பொசென்டான் சாப்பிட்டால் அது சரியாகுமா என்று ஏக்கத்தோடு கேட்டார். ஆகாது. எண்டோதீலின் தழும்பிலும் பங்கு வகிக்கிறது என்பதால் அப்படி எதிர்பார்த்து ஆய்வும் செய்தார்கள், பலன் கிடைக்கவில்லை. தழும்புக்கு மைகோஃபெனோலேட், நின்டெடானிப் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. பொசென்டான் சாப்பிடுகிறோமே என்று நுரையீரலைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

கல்லீரல் விஷயத்தை நீட்டியே சொல்ல வேண்டும். பொசென்டான் வழக்கமாக 62.5 மில்லிகிராம், காலை மாலை என்று தொடங்கி, நான்கு வாரம் கழித்து 125-க்கு ஏற்றுவார்கள். தொடங்கும் முன்பும், அப்புறம் மாதா மாதமும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபினும் இறங்கலாம், அதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எனக்கு அளவை ஏற்றிய பிறகு ஒரு மாதம் எஸ்.ஜி.பி.டி. இயல்பைவிட நான்கு மடங்குக்குப் போனது. மஞ்சள் காமாலை இல்லை, வாந்தி இல்லை, பசிகூட நன்றாக எடுத்தது. ரத்தம் எடுக்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. டாக்டர் மருந்தை நிறுத்தி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லி, எண்கள் இறங்கியதும் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். அதிலிருந்து ஏறவில்லை. இதே மருந்துக் குடும்பத்தில் சிடாக்ஸென்டான் என்றொரு மருந்து, கல்லீரல் செயலிழந்து உயிர்கள் போனதால் 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, "உடம்பு நல்லாத்தானே இருக்கு, இந்த மாசம் டெஸ்ட் வேண்டாம்" என்ற எண்ணம் வரும்போது நினைத்துக்கொள்ளத்தான். ஒரு சின்ன லேபில் பில்லிருபின் மட்டும் எடுத்து "லிவர் நார்மல்" என்று தாள் கொடுத்தார்கள். தாளில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். மாத்திரை வாங்கும் தேதியையும் ரத்தம் கொடுக்கும் தேதியையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் மறக்காது.

இனி எழுதுவது பெண்களுக்கு, அவர்கள் வீட்டுக்காரர்களுக்கும். எண்டோதீலின் ஏற்பிகள் கருவின் முகமும் இதயமும் உருவாவதில் பங்கு வகிப்பவை. அதனால் இந்த மருந்துக் குடும்பம் எதையுமே கர்ப்பத்தில் எடுக்கக்கூடாது, குழந்தைக்குப் பிறவிக் குறை வரும். நாங்கள் இரண்டாவது குழந்தைக்கு எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. மருந்துக்கடையில் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு பக்கத்தில் மகப்பேறு மருத்துவர், இன்னொரு பக்கத்தில் ருமடாலஜி, இருவருக்கும் இடையில் பேச்சே இல்லை. அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. படித்த அன்று கை நடுங்கியது, சோதனை செய்து கர்ப்பம் இல்லை என்று தெரியும்வரை மூச்சு வரவில்லை. இன்னொன்றும் அதில் இருக்கிறது: பொசென்டான் கருத்தடை மாத்திரைகளின் வீரியத்தைக் குறைத்துவிடும். அவற்றை மட்டும் நம்பக்கூடாது, காப்பர் டி மாதிரியோ இரண்டு முறைகள் சேர்த்தோ கடைப்பிடிக்க வேண்டும், மாதா மாதம் கர்ப்பப் பரிசோதனையும் வேண்டும். குழந்தை வேண்டும் என்றால் மருந்து தொடங்கும் முன்பே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். வேறு மருந்துகளை வைத்து ஓட்டிப் பார்க்க வழி இருக்கலாம். நாங்கள் பேசி, எங்கள் பெண் ஒருத்தி போதும் என்று முடிவு செய்தோம். எளிதாக எடுத்த முடிவு இல்லை அது. என் வீட்டுக்காரர் என்னைவிட அதிகமாக வருந்தினார், வெளியே காட்டவில்லை.

மற்ற மருந்துகளோடு இது சண்டை போடும். சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு எடுப்பவர்களும், நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களும் பொசென்டான் எடுக்கவே கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால் பொசென்டானின் அளவே ரத்தத்தில் மாறிப்போகும், நம் ஊரில் இது அடிக்கடி வரக்கூடிய சிக்கல். சில்டெனாஃபிலின் வேகத்தையும் இது குறைக்கும். ரேனாடைக் கிளறிவிடும் மருந்துகள் தனி. ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் எர்காட், ட்ரிப்டான் வகை, ப்ரோப்ரானோலால், மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகள் பல. நான் எடுக்கும் மருந்துகளின் பட்டியலைப் பர்சில் வைத்திருக்கிறேன், பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுவேன்.

அதே பர்சில் இன்னொரு தாளும் உண்டு, அது ஒரு இரவின் விளைவு. காய்ச்சலும் இருமலும் வந்து ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். விரலில் கிளிப் மாட்டினார்கள், ஆக்சிஜன் 81 காட்டியது. உடனே முகமூடி, ஐசியு. என் விரல் குளிர்ந்து வெளுத்துக் கிடக்கிறது, ரத்தமே ஓடாத விரலில் கருவி என்ன படிக்கும்? நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. காலையில் வந்த மூத்த டாக்டர் காது மடலில் வைத்துப் பார்க்கச் சொன்னார், 98. அந்த இரவுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் பில் கட்டினோம். இப்போது என் தாளில் "ரேனாடு உள்ளது, ஆக்சிஜனைக் காது மடலிலோ நெற்றியிலோ பார்க்கவும், சந்தேகம் இருந்தால் ரத்தம் எடுத்துப் பார்க்கவும்" என்று டாக்டரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நீங்களும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி. பொசென்டானைப் பல இந்திய கம்பெனிகள் செய்கின்றன, ஒரே மருந்துக்கு பிராண்டுக்கு பிராண்ட் விலை மலைக்க வைக்கும் அளவு மாறும். முதல் சில மாதங்கள் சீட்டில் எழுதியிருந்த பிராண்டையே தேடித் தேடி வாங்கினேன். பின்னால் டாக்டரிடம் கேட்டபோது, மருந்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார், செலவு கணிசமாக இறங்கியது. எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது, சொல்லி வைத்தால் ஓரிரு நாளில் வரும், அதனால் ஒரு வாரத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். மக்கள் மருந்தகத்திலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். என் அலுவலகக் காப்பீடு, படுக்கையில் சேராமல் வாங்கும் மாத்திரைக்கு ஒரு ரூபாயும் தராது என்று எழுத்தில் சொல்லிவிட்டது, அதை முன்பே தெரிந்துகொண்டால் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். தனியாரில் கட்டுப்படியாகாதவர்கள் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குப் போகலாம். சென்னை மருத்துவக் கல்லூரியின் வாதநோய்ப் பிரிவு அங்கே இருக்கிறது. இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துப் பழகிய கண்கள் இருக்கும் இடம் என்பதாலேயே என்னைப் பொறுத்தவரை அது மதிப்புள்ள இடம். காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும், எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போக வேண்டும்.

கடைசியாக நுரையீரல் அழுத்தம். விரலில் நடப்பது நுரையீரல் தமனியிலும் நடக்கலாம், அங்கே நடந்தால் வெளியே தெரியாது. படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குவது, கால் வீங்குவது என்று மெல்லத்தான் வரும், வயசாகுது என்று விட்டுவிடுவோம். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஒரு நாள் பாதியில் நின்றுவிட்டேன். எக்கோவில் அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கலாம் என்று வந்தது. எக்கோ ஒரு மதிப்பீடுதான், உறுதி செய்ய இதயத்தின் வலப்பக்கத்துக்குச் சிறு குழாய் விட்டு நேரடியாக அளக்க வேண்டும். மிகவும் பயந்து போனேன், ஆனால் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டார்கள், முழு விழிப்போடுதான் இருந்தேன், மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டோம். சராசரி அழுத்தம் 20-க்கு மேல் இருந்தால் நோய் என்று இப்போது வைத்திருக்கிறார்கள், எனக்கு அதற்குக் கீழே. மூச்சு வாங்கியது ரத்தசோகையால். இந்தப் பக்கத்தில் நல்ல செய்தியும் இருக்கிறது. அழுத்தம் கூடிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு ஆம்ப்ரிசென்டானையும், சில்டெனாஃபில் வகையைச் சேர்ந்த டடாலஃபிலையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நோய் முற்றுவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று 2015-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதன் பலன் கிடைக்க வேண்டும் என்றால் சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட வேண்டும். எனவே மூச்சு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வருடத்துக்கு ஒரு எக்கோ, டி.எல்.சி.ஓ.வோடு ஊதிப்பார்க்கும் சோதனை, இவற்றை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் என் பெண்ணின் பிறந்த மாதத்தில் எடுத்துவிடுகிறேன். அலுவலகத்தில் டாக்டரின் கடிதத்தைக் கொடுத்து ஏசிக்கு எட்டாத ஜன்னல் ஓர இருக்கையும் வாங்கியாயிற்று. மனிதவளப் பிரிவில் கேட்க நான் தயங்கிய நாட்களெல்லாம் வீண், கடிதத்தைப் பார்த்த அன்றே மாற்றிக் கொடுத்தார்கள்.